பொது உரிமமும் வணிக விலக்கும்

ஒரு பொருளை எல்லார்க்கும் பொது என்று கொடுப்பவர், கொடுக்கும்பொழுதே அக்கொடை நிலைபெறுதற்கும் வழி செய்தல் வேண்டும். நம் நாட்டுக் கோயிற் சுவர்களிலே பொறிக்கப்பெற்ற அறக்கட்டளைகளைப் படித்தவர்கள் இதனை அறிவார்கள். நிலம் இவ்வளவு, விளக்கு இத்தனை என்று எழுதி முடித்த பின்னர், இவ்வறத்தைக் காப்பவர் இன்ன பேறு பெறுவர், அழிப்பவர் இன்ன பழி எய்துவர் என்பதையும் கல்லிலே வெட்டி வைத்தனர் நம் முன்னோர். பின்வருவோர்மீது அவர்கட்கு அத்துணை ஐயம்! ஆனால், கொடுத்தவரே சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, அதே கல்லின் அடியில் ‘வணிகர் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் என் செய்வது? வழிப்போக்கன் ஒருவன் அவ்வரியை அழிக்கலாமா? இது வெறும் கற்பனை வினா அன்று. கல்லுக்குப் பதிலாகக் கணிப்பொறி மென்பொருளின் உரிமத்தை முன்வைத்து, அமெரிக்க நீதிமன்றங்கள் இதே வினாவை ஆராய்ந்துள்ளன. அந்த வரலாற்றைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்கட்கு இன்று கூற விழைகின்றேன்.

முதலில் இரண்டொரு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணிப்பொறிக்கு இன்னின்ன செய்க என்று மனிதர் படித்தறியும் வடிவில் எழுதப்படும் ஆணைத் தொகுதிக்கு மூலநிரல் என்று பெயர். அது கையில் இருந்தால் பிழை கண்ட இடத்தில் திருத்தலாம். வேண்டிய இடத்தில் விரிக்கலாம். கையில் இல்லையெனில், பூட்டிய பெட்டியை வாங்கி வைத்த கதைதான். மூலநிரலும் ஒரு நூலைப் போன்றதே. எழுதி முடித்த அக்கணமே அதன் பதிப்புரிமை எழுதியவரைச் சேர்ந்துவிடுகின்றது. “நிரலை யாவரும் காணுமாறு வைத்துவிட்டார்களே, ஐயா, இனி அது பொதுச் சொத்துத்தானே?” என்று மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. காண்பது வேறு, கையாளும் உரிமை வேறு. உரியவர் எழுத்தில் இசைவு தந்தாலன்றிப் பிறர் அதனைப் படியெடுக்கவும் இயலாது. அந்த இசைவு முறிக்கே உரிமம் என்பது பெயர்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், க்னூ என்னும் பெயரால் ஒரு முழு இயக்குதளத்தை எழுதி எல்லார்க்கும் வழங்கப்போவதாக அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் க்னூ பொது உரிமத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. 1991இல் இரண்டாம் பதிப்பும் 2007இல் மூன்றாம் பதிப்பும் தொடர்ந்தன. இவ்வுரிமத்தின் உட்கருத்து எளியது. நிரலை எக்காரியத்துக்கும் பயன்படுத்தலாம்; கற்கலாம்; திருத்தலாம்; பிறர்க்கு வழங்கலாம். வழங்கும்பொழுது, தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுவோர்க்கும் தருதல் வேண்டும். புதிய தடை எதனையும் இடையில் நுழைத்தல் கூடாது.

இங்கே ஓர் ஐயம் எழும். பொதுவென்று கொடுத்த பொருளை விலைக்கு விற்கலாமா? விற்கலாம் என்பதே அவ்வுரிமத்தின் விடை. ஸ்டால்மனே 1985இல், ஈமாக்ஸ் என்னும் தம் மென்பொருளைக் காந்த நாடாவிற் பதிந்து, நாடா ஒன்று 150 டாலருக்கு விற்று வாழ்க்கை நடத்தினார். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிப்பதால், அந்நாட்டார் இதனை விளக்க ஏடு ஏடாக எழுத வேண்டியதாயிற்று. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்பது வேறு சொல், கட்டற்றது என்பது வேறு சொல். இவ்வொரு வகையிலேனும் தமிழ் மாணவர் நல்வினை உடையவரே!

இனி, வணிகத் தடையின் வரலாற்றுக்கு வருவோம். அதன் முதல் அதிகாரம் பின்லாந்து நாட்டிலே தொடங்குகின்றது. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் பயின்றுகொண்டிருந்தார். ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், மாணவர்க்குப் பாடம் கற்பிப்பதற்கென்றே எழுதிய மினிக்ஸ் என்னும் இயக்குதளத்தை அவர் கையாண்டு வந்தார். அது விலை கொடுத்து வாங்க வேண்டியது. திருத்திய படியைப் பிறர்க்கு வழங்கவும் அந்நாளில் உரிமையில்லை. ஆகவே டோர்வால்ட்ஸ், தாமே ஓர் இயக்குதளத்தின் கருவை எழுதி, அவ்வாண்டு செப்டம்பரில் வலையமைப்பு வழியாக வெளியிட்டார். பின்னர் லினக்ஸ் என்று உலகறிந்தது அதுவே.

அம்முதல் வெளியீட்டோடு அவர் எழுதிச் சேர்த்த இசைவு முறி, பொது உரிமம் அன்று, அவரே வரைந்தது. மூலநிரல் என்றும் உடன் வழங்கப்படல் வேண்டும் என்பது அதன் ஒரு விதி. இதனை வழங்குவோர் எவரும் பணம் பெறலாகாது, படியெடுக்கும் கைச்செலவுக்குக்கூடப் பெறலாகாது என்பது மற்றொன்று. இதிலே குறை காண எனக்கு மனம் வரவில்லை. இராப்பகலாக உழைத்து ஒரு பொருளை ஆக்கிய இளைஞர், தாம் காசு வாங்காமல் தந்ததை வேறொருவர் விற்றுப் பயன் கொள்ளலாகாது என்று எண்ணியது இயல்பேயன்றோ? பேராசையைத் தடுக்கும் வேலி என்றே அவர் அதனைக் கட்டினார்.

ஆயின் அவ்வேலி தடுத்தது யாரை? அக்காலத்தில் வலையமைப்பு வாய்க்கப்பெற்றோர் மிகச் சிலர். ஏனையோர் லினக்ஸைப் பெற வேண்டுமானால், எவரேனும் நெகிழ்வட்டுகளை விலைக்கு வாங்கி, ஒவ்வொன்றாகப் படியெடுத்து, கூட்டங்களிலே கொடுக்கவோ அஞ்சலில் அனுப்பவோ வேண்டும். வட்டின் விலையையும் அஞ்சற் செலவையும் கேட்டுப் பெறுதல் கூடாதென்றால், எத்துணை நல்ல மனம் படைத்தவரும் பத்துப் பேருக்கு மேல் கொடுப்பரோ? பெருவணிகர் எவரும் அந்நாளில் லினக்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. தடையாற் கைகட்டப்பட்டவர்கள், அதனைப் பரப்ப விரும்பிய அன்பர்களே! தடையை நீக்குமாறு வேண்டுகோள்கள் வந்தன. 1992 ஜனவரியில் வெளியான 0.12ஆம் பதிப்போடு, பிப்ரவரி முதல் நாள் தொட்டு லினக்ஸ் க்னூ பொது உரிமத்தின் கீழ் வரும் என்று டோர்வால்ட்ஸ் அறிவித்தார். நிரலின் பெரும்பகுதி அப்பொழுது அவர் கைப்பட எழுதியதாகையால் மாற்றம் எளிதாயிற்று. லினக்ஸிற்குத் தாம் செய்தவற்றுள் தலைசிறந்தது இதுவே என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கின்றார்.

பின் நிகழ்ந்ததை விரிக்கத் தேவையில்லை. லினக்ஸைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றாகிய ரெட் ஹேட்டை 2019இல் ஐபிஎம் நிறுவனம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்குபவை என்ற நிலை 2017 நவம்பரில் எய்தப்பெற்றது. விற்றவர்களே ஊதியம் கொடுத்துப் பொறியாளரை அமர்த்தி, அதன் நிரலைத் திருத்தியும் வந்தனர். பொது உரிமம் அத்திருத்தங்களையும் பொதுவாக்கிற்று.

இப்பட்டறிவு விரைவில் விதியாகவே எழுதப்பட்டது. டெபியன் என்னும் தொண்டர் குழுவினர், தாம் தொகுக்கும் மென்பொருளில் எவ்வெவ்வுரிமங்களை ஏற்பது என்பதற்கு 1997இல் நெறிமுறைகள் வகுத்தனர். புரூஸ் பெரன்சும் எரிக் ரேமண்டும் 1998இல் தொடங்கிய திறந்த மூல முனைப்பு என்னும் அமைப்பு, அந்நெறிகளையே சிறிது மாற்றித் திறந்த மூலத்தின் இலக்கணமாக ஏற்றது. எத்துறையினர்க்கும் நிரலை மறுத்தல் கூடாது என்பது அதன் ஆறாவது விதி. வாணிகத்தையே எடுத்துக்காட்டாக அவ்விதி குறிப்பிடுவது நோக்கத்தக்கது.

வணிகத்தை விலக்கினால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். வணிகம் எது என்று முதலில் யார் வரையறுப்பது? கட்டணம் பெறும் தனியார் பள்ளி ஒன்று தன் அலுவலகத்தில் ஒரு நிரலைக் கையாளுகின்றது; அது வணிகமா? பக்கத்துக்கு இரண்டு ரூபாய் பெற்றுப் படியெடுத்துத் தரும் கடைக்காரர் வணிகரா? மருத்துவர் தம் மருந்தகத்திலும், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் தம் கணக்கிலும் அதனைப் பயன்படுத்தினால்? பத்துப் பேரைக் கேட்டால் பத்து விடை வரும். விடை உறுதியாகும் வரை அஞ்சி ஒதுங்குபவர் எளியவரே. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையவர் ஒதுங்குவதில்லை.

மற்றுமொரு சிக்கல் இதனினும் நுட்பமானது. இன்றைய மென்பொருள் எதுவும் ஒருவர் எழுதியதன்று. பல கைகள் எழுதிய பகுதிகளை இணைத்துக் கட்டிய வீடு போன்றது. அவ்வீட்டின் ஒரு சுவர் க்னூ பொது உரிமத்தின் கீழ் வந்தது. புதிய தடை எதுவும் கூடாது என்பது அதன் கட்டளை. மற்றொரு சுவர் வணிகத் தடை உடையது. இரண்டையும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாக்கி வெளியிட நினைப்பவர் எந்த உரிமத்தை எழுதுவார்? தடையை எழுதினால் முதற்சுவரின் கட்டளை மீறப்படும். எழுதாவிடில் இரண்டாஞ்சுவரின் கட்டளை மீறப்படும். இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வழியே இல்லை. ஆகவே அவ்விணைப்பை அவர் எவர்க்கும் வழங்க இயலாது.

இவ்விடர்ப்பாட்டை நேர்மையாகக் கடந்தவர்களும் உண்டு. அச்சுப்பக்கங்களை உருவாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருளை எழுதிய பீட்டர் டாய்ச், 1990களில் ஓர் ஏற்பாடு செய்தார். புதிய பதிப்பு, வணிக வழங்கலைத் தடுக்கும் அலாடின் உரிமத்தின் கீழ் வரும். காலம் சிறிது சென்றபின் அதே பதிப்பு க்னூ பொது உரிமத்தின் கீழ் வெளிவரும். உரிமத்தின் பெயரும் வேறு, வாசகமும் வேறு. எது எதன் கீழ் வருகின்றது என்பதில் எவர்க்கும் மயக்கம் நேரவில்லை. 2006இல் அவ்வேற்பாடும் கைவிடப்பட்டுப் புதிய பதிப்புகளே பொது உரிமத்தின் கீழ் வரலாயின.

இருபதாண்டுகள் அடங்கிக் கிடந்த பூசல் 2018இல் மீண்டும் தலையெடுத்தது. இம்முறை தடையை வேண்டியவர் தனி மாணவர் அல்லர், நிறுவனங்கள். அவர்கள் முறையீட்டில் உண்மை இல்லாமற் போகவில்லை. அமேசான் போன்ற பெருநிறுவனங்கள் தம் கணிப்பொறிக் கூடங்களில் திறந்த மூல நிரல்களை இயக்கி, அவ்வியக்கத்தையே வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தன. மேகக் கணிமை என்று அதனைக் கூறுகின்றோம். நிரலின் படி எவர் கைக்கும் போவதில்லை. பயன் மட்டுமே போகின்றது. படி வழங்கும்பொழுதே பொது உரிமத்தின் கடமைகள் பிறக்குமாதலால், வாடகைக்கு விடுவோர் தாம் செய்த திருத்தங்களை வெளியிட வேண்டுவதில்லை. இவ்விடைவெளியை அடைக்கவே 2007இல் அஃபெரோ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. நிரலைத் திருத்தி, வலையமைப்பின் வழியே பயன்படுத்த விடுபவரும், பயன்படுத்துவோர்க்குத் திருத்திய மூலநிரலைத் தருதல் வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் நிறுவனங்கள் வேண்டியது திருத்தம் அன்று, வருவாயிற் பங்கு.

ஆகவே காமன்ஸ் கிளாஸ் என்னும் ஒரு சிறு வாசகம் வரையப்பட்டது. அது தனி உரிமம் அன்று. ஏற்கெனவே உள்ள திறந்த உரிமத்தின் தலையில் ஒட்டுவதற்கென்று எழுதிய ஒட்டு. நிரலை விற்கும் உரிமை தரப்படவில்லை என்பது அதன் சாரம். விற்றல் என்பதற்கு அது கூறும் பொருளோ மிக அகன்றது. நிரலின் பயனையே பெரிதும் சார்ந்த சேவையைக் காசுக்குத் தருவதும், வாடகைக்கு இயக்கித் தருவதும், ஆலோசனை கூறிக் கட்டணம் பெறுவதும் விற்றலாகவே கொள்ளப்படும். அமேசானுக்கு விரித்த வலையில், ஊர்தோறும் பழுது பார்த்துப் பிழைக்கும் சிறு தொழிலாளரும் சிக்கக் கூடுமன்றோ?

2018 ஆகஸ்டில் ரெடிஸ் லேப்ஸ் நிறுவனம் தன் துணைநிரல்கள் சிலவற்றுக்கு இவ்வொட்டை அப்பாச்சி உரிமத்தின்மேல் ஒட்டியது. பெயர் அப்பாச்சி, பொருள் வேறு! ‘காமன்ஸ்’ என்னும் சொல்லே பொதுமையைக் குறிப்பது. பொதுமையைக் குறைக்கும் வாசகத்துக்கு அப்பெயர் சூட்டியது கண்டு பலர் சினந்தனர். டெபியன், ஃபெடோரா ஆகிய குழுக்களைச் சார்ந்த சிலர், தடை சேர்வதற்கு முந்திய நிரலை எடுத்துத் தாமே வளர்க்க முற்பட்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனமே, இக்கலப்பு மயக்கம் தருகின்றது என்று ஒப்பி, ஒட்டைக் கழற்றிவிட்டுத் தனிப் பெயருடைய உரிமம் ஒன்றை வரைந்துகொண்டது. அதே நிறுவனம் 2024 மார்ச்சில் ரெடிஸின் மையநிரலையே திறந்த உரிமத்தினின்றும் விலக்கியது. சில நாட்களுக்குள், பழைய நிரலிலிருந்து வால்கீ என்னும் கிளை லினக்ஸ் அறக்கட்டளையின் நிழலில் தோன்றியது. எந்த மேகக் கணிமை நிறுவனங்களை விலக்க எண்ணினரோ, அவற்றுட் சிலவே அதற்குத் துணை நின்றன. 2025 மே மாதத்தில் ரெடிஸ், அஃபெரோ உரிமத்தையும் ஒரு தெரிவாகத் தந்து திறந்த மூலத்துக்கு மீண்டது.

அப்பாச்சி உரிமத்தின்மேல் ஒட்டியதால் மயக்கம் மட்டுமே விளைந்தது. அஃபெரோ உரிமத்தின்மேல் ஒட்டியபொழுது வழக்கே விளைந்தது. காரணம், அவ்வுரிமத்துள் தன்னைத் தானே காக்கும் ஒரு விதி உண்டு. ஏழாம் பிரிவு, எவ்வெவ்வகை வாசகங்களைச் சேர்க்கலாம் என்று வரையறுத்துவிட்டு, அவற்றுள் அடங்காத தடைகள் எல்லாம் மேற்தடைகள் எனப்படும் என்கின்றது. நீ பெற்ற நிரலில், இது இவ்வுரிமத்துக்கு உட்பட்டது என்ற குறிப்போடு ஒரு மேற்தடையும் சேர்ந்திருக்குமானால், அத்தடையை நீ நீக்கிவிடலாம் என்பது அப்பிரிவின் கருத்து. கல்லின் அடியில் எவரேனும் வரி சேர்த்தால் வழிப்போக்கன் அழித்துவிடலாம் என்று கல்லே சொல்வது போன்றது இது!

சுவீடனில் தோன்றிய நியோ4ஜே நிறுவனம், உறவுகளை வலைபோற் கோத்து வைக்கும் தரவுத்தளம் ஒன்றை ஆக்கியது. அதன் தொழிலகப் பதிப்பு அஃபெரோ உரிமத்தின் கீழ் வழங்கி வந்தது. 2018 மே மாதத்தில் வெளியான 3.4ஆம் பதிப்பில், அவ்வுரிமத்தின் வாசகங்களை வைத்துக்கொண்டே காமன்ஸ் கிளாஸையும் சேர்த்தது அந்நிறுவனம். முன்னாளில் அதனோடு தொழில் தொடர்பு கொண்டிருந்த ஒருவரும் வேறு சிலரும், ஏழாம் பிரிவு தந்த உரிமையென்று கருதி, அத்தடையை நீக்கி, வேறு பெயரில் நிரலை வெளியிட்டனர். தூய அஃபெரோ உரிமத்தின் கீழ் வருவது என்றும், கட்டற்றது, திறந்தது என்றும் விளம்பரம் செய்தனர். 2018இன் இறுதியில் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

2021இல் அம்மன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்புரைத்தது. மேற்தடை கூடாது என்னும் விதி, உரிமம் பெற்றவரைக் கட்டுப்படுத்துமேயன்றி, பதிப்புரிமை உடையவரைக் கட்டுப்படுத்தாது. உடையவரே சேர்த்த தடையைப் பெற்றவர் நீக்கலாகாது. ஆதலின் திறந்த மூலம் என்று கூறிய விளம்பரம் பொய் விளம்பரம் என்பது முடிவு. 2022 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு மன்றம் அதனைச் சுருக்கமான ஆணையால் உறுதி செய்தது. 2024 ஜூலையில், தடையை நீக்கி வழங்கியவர் 5,97,000 டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றும் கீழ்மன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது உண்டு. அச்சிட்ட பத்திரத்தில் கையால் எழுதிச் சேர்த்த வரிக்கு வலிமை மிகுதி என்பது பழைய வழக்கியற் கொள்கை. வேண்டுமென்றே சேர்த்த தடை நிற்கவேண்டும் என்பதே சேர்த்தவர் கருத்து என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், நாற்பதாண்டுக் காலம் மாணவர்க்கு வாக்கியங்களைப் பொருள் பிரித்துக் காட்டிய என் கண்ணுக்கு, ஏழாம் பிரிவு வேறு விதமாகவே தோன்றுகின்றது. தடையைச் சேர்த்தவர் இன்னார் என்று அவ்வாக்கியம் கூறவில்லை; பெற்றவர் நீக்கலாம் என்று மட்டுமே கூறுகின்றது. உடையவர் தம் பொருளுக்கு எவ்வுரிமத்தையும் எழுதிக்கொள்ளலாம். அதை எவரும் மறுக்கவில்லை. க்னூ உரிமத்தின் விதிகளை எடுத்து வேறு பெயரில், முன்னுரையை நீக்கி, தமக்கு வேண்டியவாறு மாற்றிக்கொள்ளவும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இசைவு தந்திருக்கின்றது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஆசிரியர் சென்ற அந்த நேரிய வழி நியோ4ஜேக்கும் திறந்தே கிடந்தது. அதனை விடுத்து, அழிக்கும் உரிமையைத் தன்னகத்தே கொண்ட வாசகத்தையும், அழியக்கூடாத வரியையும் ஒரே முறியில் எழுதித் தந்தபின், அழித்தவர்மீது குற்றம் சாட்டுவது முறையாகப்படவில்லை. தாமே ஒட்டைக் கழற்றிய ரெடிஸ் நிறுவனத்தார் இவ்வகையில் மேலானவர்கள்.

2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு செய்யப்பட்டது. 2025இல், வழக்கில் ஒரு கட்சியாக இல்லாத கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, நீதிமன்றத்துக்கு உதவும் நண்பர் என்னும் முறையில் தன் கருத்தை எழுதி அளித்தது. உரிமத்தின் வாசகத்தை வரைந்த அமைப்பு அதுவே. மேற்தடையை நீக்கும் உரிமை, நிரலைப் பெறுவோர்க்கெனவே அவ்வாசகத்துள் வைக்கப்பட்டது என்பதை அவ்வெழுத்து மன்றத்தின் முன் எடுத்துரைத்தது.